மதில்மேல் ஊறுகாய் பாட்டில்

கொஞ்சம் அந்தப் பையை நகர்த்திக்க கண்ணு. ஆங், அப்படித்தான். செடிக்கு மூச்சு முட்டுது பாரு. முள்ளு குத்திடுச்சா? ஐயோ, கையைக் காட்டு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சின்னக் கீறல்தான். என் கையைப் பாரு, முழங்கை வரைக்கும் கோடு கோடா இருக்கும். வீட்ல பூனை வளர்க்கிறீங்களான்னு கேக்குறாங்க. ரோஜா வளர்க்கிறேன்னா நம்ப மாட்டேங்குறாங்க.

நீ மேட்டுப்பாளையத்துலதானே இறங்குறே? நானும்தான். அங்கிருந்து திருப்பூர் பஸ். மொத்தமாப் போறேன். ஆமா, மொத்தமா. என் மகன் செந்தூரன் அங்க பனியன் கம்பெனியில மேனேஜரா இருக்கான். 'தனியா அந்தக் குளிர்ல கிடந்து என்னம்மா பண்றே, வந்துடு, வந்துடு'ன்னு நச்சரிச்சு நச்சரிச்சு, இப்ப கோத்தகிரி வீட்டுக்கு வாடகைக்கு ஆளையும் பேசிட்டான். வர்ற ஒண்ணாம் தேதி குடி வர்றாங்களாம். இன்னிக்கு சாயங்காலம் நான் சாவியை அவன் கையில குடுத்துடணும். இதோ பாரு, இடுப்புலதான் சொருகியிருக்கேன். காலையிலேர்ந்து உறுத்திக்கிட்டே இருக்கு.

அதெல்லாம் விடு. எனக்கு இப்போ கோவமெல்லாம் அந்த மனுஷன் மேல. இந்தச் செடியைக் குடுத்தாரே, அவரு மேல. குடுத்தாருன்னுதான் கோவமே. இரு, முதல்ல இருந்து சொல்றேன். அந்த ஒயரைக் காதுல மாட்டாதே கண்ணு, பாட்டு எங்கயும் ஓடிடாது. நான் மேட்டுப்பாளையத்துல இறங்கிடுவேன்.

என் பேரு மங்களேஸ்வரி. டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்தேன். அந்தக் காலத்துல வெளியூருக்கு ட்ரங்க் கால் போடணும்னா நான்தான் லைன் குடுக்கணும். ஊர்ல யாரு யாரோட சண்டை, யாரு யாருக்குப் பொண்ணு பாக்குறாங்க, எல்லாம் என் காது வழியாத்தான் போகும். ஒரு குரலைக் கேட்டாலே ஆளு மனசுல என்ன இருக்குன்னு சொல்லிடுவேன். அந்த விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. சத்தியமாச் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் தவறின பிறகு, ரிட்டயர்டும் ஆன பிறகு, பேச ஆளில்ல. அதான் செடி வைக்க ஆரம்பிச்சேன். இடம் ஒண்ணும் பெருசில்ல, ரெண்டு புடவையை விரிச்சுக் காயப்போட்டா தீர்ந்துடும். ஆனா வந்து பாத்திருக்கணும் நீ! ஓரத்துல ஹைட்ரேஞ்சியா, இவ்வளவு பெரிய நீல உருண்டை. அதுக்கு முன்னால டேலியா, கிழங்கை மண்ணுல விட்டா வருஷா வருஷம் தானே முளைச்சு வரும், கூப்பிட வேண்டாம். ஜன்னல் கட்டையில ஜெரேனியம். கேட்டு பக்கம் டெய்சி, அது பாட்டுக்குப் பரவிக்கிட்டே போகும், வெக்கமே கிடையாது. நடுவுல ரோஜா. ரோஜா, ரோஜா, ரோஜா. காலையில கதவைத் திறந்தா எனக்குத் தலை சுத்தும், அவ்வளவு வாசனை. வளர்க்கிறதோட சரி, நான் தலையில வைக்கிறதில்ல. அவரு போனதுலேர்ந்து வைக்கிறதில்ல. அது ஒரு பழக்கமாயிடுச்சு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். செடி வைக்கிறவங்களுக்கெல்லாம் தெரியும், திருடி வச்ச குச்சிதான் வேர் பிடிக்கும். சிரிக்காதே! கேட்டு வாங்கினா பிடிக்காது. ஆசையாக் குடுத்தா அதைவிட மோசம், ஒரு வாரத்துல கருகிடும். எனக்கு அனுபவம் இருக்கு. எங்க ஆபீஸ் சூப்பர்வைசரம்மா அன்பா ஒரு பன்னீர் ரோஜாக் குச்சி குடுத்தாங்க, பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன், போயே போச்சு. அதே வாரம் டாக்டர் வீட்டு வேலியில போற போக்குல ஒரு கிளையை ஒடிச்சு, முந்தானையில மறைச்சுக் கொண்டாந்து சும்மா சொருகினேன். தளதளன்னு வந்துச்சு. அதுக்கு என்ன சொல்றே?

பக்கத்து வீட்ல பாக்கியநாதன்னு ஒருத்தர். ஸ்கூல்ல ட்ராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவர். சம்சாரம் போய் ரொம்ப நாளாச்சு, பொண்ணு வெளிநாட்டுல. அவருக்கும் ரோஜாப் பைத்தியம். குடி வந்த புதுசுல மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, 'மேடம், டேலியாக் கிழங்கு இருக்கு, நல்ல சிவப்பு, தரட்டுமா?'ன்னாரு. நான் பட்டுன்னு சொல்லிட்டேன், 'வேண்டாம் மாஸ்டர், குடுத்தா பிடிக்காது. திருடினாதான் பிடிக்கும்'னு. மனுஷன் கிழங்கைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. அப்புறம் உள்ளே போயிட்டாரு.

நல்ல மனுஷன்தான், ஆனா ஞாபக மறதி ஜாஸ்தி. எவ்வளவு மறதின்னா, ரோஜாவை வெட்டி விடுவாரில்ல, அந்தக் குச்சியைக் குப்பையில போட மறந்துடுவாரு. ஊறுகாய் பாட்டில் ஒண்ணு, கண்ணாடி பாட்டில், அதுல தண்ணி ஊத்திக் குச்சியைப் போட்டு மதில் மேல வச்சுட்டு மறந்து போயிடுவாரு. எனக்குக் கொண்டாட்டம்! அவரு பால் வாங்கப் போற நேரம் பாத்து, பூனை மாதிரி போய், டக்குன்னு ஒரு குச்சியை உருவிக்கிட்டு ஓடி வந்துடுவேன். நெஞ்சு திக்கு திக்குன்னு அடிக்கும். அப்புறம் ஜன்னல் வழியாப் பாத்தா, வந்து பாட்டிலைப் பாப்பாரு, ஒண்ணு குறையுதேன்னு சந்தேகமே வராது அவருக்கு. விசில் அடிச்சுக்கிட்டு உள்ளே போயிடுவாரு. பாவம், எண்ணத் தெரியாது போலன்னு நினைச்சுக்குவேன்.

பத்து வருஷமா இப்படித்தான். என் தோட்டத்துல பாதி அவரு வீட்டுத் திருட்டு. நான் பெரிய கேடி கண்ணு.

எங்க ரெண்டு பேருக்கும் சண்டையும் உண்டு. மதிலோரமா கொடி ரோஜா ஒண்ணு வச்சாரு. வேர் அவரு பக்கம், பூவெல்லாம் என் பக்கம்! கிளையை எல்லாம் படுக்க வச்சு வளைச்சு என் பக்கமாக் கட்டி விட்டிருக்காரு. 'என்ன மாஸ்டர், உங்க குப்பையெல்லாம் என் வாசல்ல கொட்டுது, இதழ் கூட்டிக் கூட்டி இடுப்பு போகுது'ன்னு சத்தம் போட்டேன். 'வெயில் அந்தப் பக்கம்தான் மேடம் அடிக்குது, நான் என்ன பண்ணட்டும்'னாரு. எங்க வீட்டுக்கு வெயில் வர்றதே மத்தியானத்துக்கு மேலதான். சரி, வயசானவரு, திசை தெரியலைன்னு விட்டுட்டேன்.

இன்னொரு கூத்து கேளு. ஒரு நாள் பாத்தா படம் வரையற பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு ஒரு பூவைத் தடவுறாரு, அப்புறம் இன்னொரு பூவைத் தடவுறாரு. தனியா இருந்து மண்டை குழம்பிடுச்சுன்னுதான் நினைச்சேன். கேட்டா, ரெண்டு ரோஜாவைச் சேர்த்துப் புதுசா ஒரு ரோஜா பண்றாராம். காய் வந்து, விதை எடுத்து, முளைக்க வச்சு, அதுல எத்தனையோ போக, கடைசியில ஒண்ணே ஒண்ணு தேறிச்சு. பாலாடை நிறம், ஓரத்துல மட்டும் லேசா வெக்கப்பட்ட மாதிரி சிவப்பு. அப்படி ஒரு பூவை நான் பாத்ததே இல்ல. 'என்ன பேரு மாஸ்டர்?'னேன். 'இன்னும் வைக்கல, கேட்டுட்டு வைக்கணும்'னாரு. யாரைக் கேக்கணும்? கவர்மென்ட்டையான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

அதை மட்டும் மதில் மேல வைக்கல. ஜன்னலுக்குள்ள பூட்டி வச்சிருந்தாரு. எவ்வளவு திட்டம் போட்டேன் தெரியுமா? நடக்கல.

இந்த வருஷம் ஏப்ரல்ல தோட்டப் போட்டி வந்துச்சு. எங்க ஊர்ல மலர்ச் சங்கத்துக்காரங்க வருஷா வருஷம் நடத்துவாங்க, வீடு வீடா வந்து பாத்து மார்க் போடுவாங்க. போன வருஷம் அவருக்கு முதல் பரிசு, எனக்கு ஒண்ணுமில்ல. இந்த வருஷம் விட மாட்டேன்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னேன். நடுவருங்க வர்றதுக்கு முந்தின நாள் காட்டெருமை வந்துடுச்சு கண்ணு! எங்க ஊர்ல அது சகஜம், ஆடு மாடு மாதிரி தெருவுல நடக்கும். என் டேலியாவை ஒண்ணு விடாம மேய்ஞ்சுட்டு, ஹைட்ரேஞ்சியாவை மிதிச்சுட்டு, நிதானமாப் போகுது. நான் மதில்ல சாஞ்சு கோன்னு அழுதேன். அவரு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லல.

விடிஞ்சு கதவைத் திறந்தா, என் வாசல் பூரா அவரு பூந்தொட்டி! ஃபியூஷியா, டேலியா, கார்னேஷன், எல்லாத்தையும் கொண்டு வந்து காலியான இடத்துல அடுக்கி வச்சிருக்காரு. எனக்கு வந்துச்சே கோவம். 'என்ன மாஸ்டர் இது?'ன்னா, 'மன்னிச்சுக்குங்க மேடம், வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், தொட்டி வைக்க இடமில்ல'ங்குறாரு. போட்டி அன்னிக்கா வெள்ளையடிக்கிறது? சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போதே நடுவருங்க வந்துட்டாங்க, நகர்த்த நேரமே இல்ல. என்னத்தைச் சொல்ல, எனக்கு முதல் பரிசு குடுத்துட்டாங்க! கப்பு பையில இருக்கு, அப்புறம் காட்டுறேன். அவரு போட்டியிலயே இல்ல, தொட்டியெல்லாம் என் வாசல்ல இருந்துச்சே. நான் கப்பை வாங்குறப்போ கூட்டத்துல பலமாக் கை தட்டினதே அவருதான்.

வெள்ளையடிச்சாரான்னு கேக்குறியா? எங்க! இன்னிக்கு வரைக்கும் சுவரு அப்படியே பாசி பிடிச்சுத்தான் கிடக்கு. சோம்பேறி.

ஏன் சிரிக்கிற? முழுசாக் கேளு. போன வாரம் மதில்கிட்ட நின்னு சொன்னேன், 'மாஸ்டர், நான் மகன் வீட்டுக்கு மொத்தமாப் போறேன், வீட்டை வாடகைக்கு விடப் போறோம்'னு. கையில கத்தரி இருந்துச்சு. நல்லாத் துளிர் விட்டிருந்த கிளை ஒண்ணு, அதைப் போய் நறுக்குன்னு வெட்டிட்டாரு. 'துளிரைப் போய் வெட்டுறீங்களே'ன்னேன். 'ஆமா, வெட்டிட்டேன்'னாரு. அதோட உள்ளே போயிட்டாரு. அந்த வாரம் பூரா மதில்ல பாட்டிலே இல்ல. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. திருட ஒண்ணுமில்லாம காலையே விடியாத மாதிரி இருந்துச்சு.

நேத்து காலையில கேட்டுச் சத்தம் கேட்டுச்சு. மதில் வழியா இல்ல கண்ணு, கேட்டு வழியா வர்றாரு, இத்தனை வருஷத்துல முதல் தடவையா. இஸ்திரி போட்ட சட்டை. தலையைப் படிய வாரியிருக்காரு. கையில இந்த பிஸ்கட் டின்னு, அதுல இந்தச் செடி. ஆமா, அதேதான்! ஜன்னலுக்குள்ள பூட்டி வச்சிருந்தாரே, அந்த ஒண்ணே ஒண்ணு. 'இதை உங்களைத் திருட விடல மேடம். இதை நான்தான் குடுக்கணும்னு வச்சிருந்தேன். வாங்கிக்குங்க'ன்னாரு. அதோட விடாம, 'திருப்பூர் வெயில்ல இது நிக்காது. இது இங்க மட்டும்தான் இருக்கும்'னும் சொல்றாரு. கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு, செடிக்கு மருந்து அடிச்சுட்டு வந்திருப்பாரு, பட்டிருக்கும்.

இப்போ நீயே சொல்லு. குடுத்தா பிடிக்காதுன்னு அந்த மனுஷனுக்கு நல்லாத் தெரியும். அந்த ஊருல நிக்காதுன்னும் அவரே சொல்றாரு. அப்புறம் உலகத்துல இருக்கிற ஒரே செடியைக் கொண்டாந்து என் கையில குடுத்து, சாகடின்னு சொன்னா என்ன அர்த்தம்? ராவெல்லாம் தூக்கமே இல்ல எனக்கு. பாவி மனுஷன், பாவி மனுஷன்னு திட்டிக்கிட்டே கிடந்தேன்.

என்ன கேட்டே? பாட்டில்ல யாரு தண்ணி ஊத்தினதா? அவருதான். தினமும் புதுத் தண்ணி, பளிச்சுன்னு இருக்கும். பாட்டில் எந்தப் பக்கம் இருக்குமா? என் பக்கத்து ஓரத்துல, கைக்கு எட்டுற மாதிரி. ஏன், அதுக்கென்ன இப்போ?

சீ, போ கண்ணு! எனக்காகவா வைப்பாரு? குப்பையில போட மறந்த குச்சின்னு சொல்றேன், நீ வேற. பென்சில் பருமன்ல, அடியில சாய்வா வெட்டி, கீழ் இலையெல்லாம் உருவி...

இரு.

ஒரு நிமிஷம் இரு கண்ணு. பேசாதே.

கீழ் இலையை உருவியிருப்பாரு. ஒவ்வொரு குச்சியிலயும். மண்ணுல நடுறதுக்குத்தான் கீழ் இலையை உருவுவாங்க. குப்பைக்குப் போற குச்சிக்கு யாரு உக்காந்து இலை உருவுவா?

அட சாமி!

பத்து வருஷமாவா? ஐயோ, எண்ணத் தெரியாதுன்னு நினைச்சேனே! ஒண்ணு குறைஞ்சாதான் அவரு விசிலே அடிப்பாரு, குறையாத அன்னிக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போவாரு, நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்! ஊருக்கே லைன் குடுத்தவ நான், குரலை வச்சே ஆளைச் சொல்லுவேன்னு இப்பத்தானே உன்கிட்ட பீத்திக்கிட்டேன். அந்தக் கொடி, அந்தத் தொட்டி, அந்த வெள்ளை... அடப்பாவி மனுஷா, அந்தச் சுவருக்கு வெள்ளையே அடிக்க வேண்டியதில்லையே! எனக்குச் சிரிப்பும் வருது அழுகையும் வருது. தண்ணி இருக்கா? குடு. இந்த வயசுல எனக்கு இப்படி சந்தோஷமா இருக்கே, இது நியாயமா கண்ணு?

பேரைக் கேட்டுட்டு வைக்கணும்னாரே. என்னைத்தான் கேக்கணும்னு இருந்தாரோ?

இது எந்த இடம்? குஞ்சப்பனை செக்போஸ்ட்டா? எதுக்கால நிக்குதே, அது மேல போற பஸ்தானே? கோத்தகிரி போர்டு போட்டிருக்கா பாரு, என் கண்ணாடி பையில கிடக்கு. போட்டிருக்கா? கண்டக்டர் தம்பி! தம்பி, நிறுத்துங்க, இறக்கம் இருக்கு! டிக்கெட் மேட்டுப்பாளையத்துக்குத்தான், ஆமா, பரவால்ல, கிழிச்சுப் போடுங்க!

என்ன பண்ணப் போறேனா? வேற என்ன, செடியைத் திருப்பிக் குடுக்கப் போறேன். அப்படிப் பாக்காதே, யோசிச்சுத்தான் சொல்றேன். குடுத்தது பிடிக்காது, அதுல மாத்தமே இல்ல, ஒண்ணே ஒண்ணு இருக்கிற செடியில நான் பரீட்சை பாக்க மாட்டேன். நேரா கேட்டு வழியாப் போயி, 'இந்தாங்க மாஸ்டர், எனக்கு வேண்டாம், உங்க மதில் மேல வைங்க'ன்னு குடுத்துடுவேன். நாளைக்கு அவரு பால் வாங்கப் போறப்ப, நான் திருடிக்குவேன். எனக்கு இடமா இல்ல? காட்டெருமை தின்ன இடம், அவரு தொட்டியைத் திருப்பி எடுத்ததுலேர்ந்து காலியாத்தானே கிடக்கு. வாடகைக்கு வர்றவங்க வேற வீடு பாத்துக்கட்டும். செந்தூரன் குதிப்பான். குதிக்கட்டும், திருப்பூர்ல குதிச்சா கோத்தகிரிக்குக் கேக்காது. சாவியைத் திருப்பி என் கொக்கியில மாட்டினாதான் இந்த இடுப்பு உறுத்தலும் போகும்.

அந்தப் பையை எடுத்துக் குடு. இந்த டின்னை நான் பிடிச்சுக்கறேன். இரு, இதுல இந்தப் பூவைக் கிள்ளிடணும். இடம் மாத்துற செடியில பூவை விட்டு வைக்கக் கூடாது, சத்தெல்லாம் பூவுக்கே போயிடும், வேருக்குப் போகாது. செடி வைக்கிறவங்க எல்லாரும் செய்யறதுதான். ஆச்சு, கிள்ளிட்டேன். பாலாடை நிறம் சொன்னேன்ல, பாரு. ஆனா இதை எங்க வைக்கிறது? ஒரு கையில டின்னு, ஒரு கையில பை. பைக்குள்ள போட்டா கப்பு இடிச்சு நசுங்கிடும்.

உன்கிட்ட ஹேர்பின் ஒண்ணு இருக்குமா? குடு. கை ஒழிவில்லையேன்னுதான் வைக்கிறேன், வேற ஒண்ணுமில்ல. நீயே சொருகி விடு கண்ணு, எனக்குப் பழக்கம் விட்டுப் போச்சு. இன்னும் கொஞ்சம் மேல. வர்றேன் தம்பி, வர்றேன், விசில் ஊதாதீங்க!

நேரா இருக்கா?